மத்தியான ரேடியோக் கச்சேரி: மதுரை கேட்டது எந்த ஊரை?

கேள்வி இதுதான். கேட்டவருடைய தாத்தாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. 1940களில் வடக்கு மாசி வீதி வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ரேடியோவில் கச்சேரியும் தமாஷும் கேட்போம், எல்லாம் அப்போதைக்கப்போது பாடினது, பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது என்று சொல்கிறாராம். மதுரைக்கு என்று வானொலி நிலையம் வந்ததே 1980களில்தானே, பிறகு அது எங்கிருந்து வந்தது? நிஜமாகவே எல்லாம் நேரடியா? அந்த செட் இன்னும் பரணில் கிடக்கிறது, இனிமேல் பாடுமா?

தாத்தா சொல்வது முக்கால்வாசி சரி. வந்தது திருச்சியிலிருந்து. ஆனால் "எல்லாம்" நேரடி என்பதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சிம்மக்கல் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். 1968ல் பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்தபோது உள்ளே கண்ணாடிக் குழாய் எரியும் வால்வு செட்டுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் வந்து பெரிய செட்டுகளைப் பரணுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அதனால் நான் சொல்வதில் பாதி கைவேலையில் தெரிந்துகொண்டது, பாதி கடைக்கு வந்து உட்கார்ந்த பெரியவர்களிடம் கேட்டது. அவர்களில் ஒருவர் மிருதங்கக்காரர், அந்தக் காலத்தில் திருச்சி நிலையத்துக்கு வாசிக்கப் போய்வந்தவர். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். சென்னையில் 1924ல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927ல் நின்றது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930லிருந்து தானே ஒலிபரப்பியது. சாயங்காலம் கடற்கரையில் குழாய் ஒலிபெருக்கி வைத்து ஊருக்குப் பாட்டுப் போட்டார்கள். 1938 ஜூன் 16ல் ஆல் இண்டியா ரேடியோ சென்னை நிலையத்தைத் திறந்தது, 1939 மே 16ல் திருச்சி வந்தது. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு இருந்த நிலையங்கள் மொத்தமே ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ்நாட்டில் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆறும் சேர்ந்து எட்டியது நாட்டின் ஜனத்தொகையில் 11 சதவீதம்தான். தாத்தா வீடு அந்தப் பதினொன்றுக்குள் இருந்தது என்றால் அது சாதாரண விஷயமல்ல.

இப்போது, ஏன் திருச்சி என்ற கேள்விக்கு வருவோம். சென்னை நிலையத்துக்கு மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், இருந்தது கால் கிலோவாட். அது சென்னை நகரத்துக்கே அளவாக வைத்தது. மதுரை நேர்கோட்டிலேயே 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னையில் 10 கிலோவாட் சிற்றலையும், அதாவது ஷார்ட் வேவும், இருந்தது, அதைப் பிடிக்கலாம். ஆனால் சிற்றலை என்பது ஏறி இறங்கும். ராகம் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் கிணற்றுக்குள் போய்விட்டு மறுபடி வரும். திருச்சியோ 5 கிலோவாட் மத்திய அலை, தூரம் 115 கிலோமீட்டர். பகலில் மத்திய அலை தரையை ஒட்டித்தான் வரும். வானத்தில் போகிற பங்கை வெயில் நேரத்தில் மேலே இருக்கும் ஒரு அடுக்கு விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், அப்புறம் கொழும்பும் ஹைதராபாத்தும் டெல்லியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூட்டமாகிவிடும். ராத்திரி மதுரையில் ரேடியோவைத் திருப்பினால் சந்தைக் கூட்டம், மத்தியானம் திருப்பினால் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் திருச்சி. தாத்தாவுக்கு மத்தியானம் கேட்டது மட்டும் மனசில் தெளிவாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் 115 கிலோமீட்டர் என்பது சும்மா வராது. மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செம்புக் கம்பி வலையை நாடா மாதிரி இழுத்துக் கட்டி, பீங்கான் குமிழ் வைத்து ஏரியல் இறக்க வேண்டும். எர்த் கம்பியைக் கிணற்றடி ஈரத்தில் புதைப்பார்கள். எங்கள் கடை முதலாளி எர்த் குழியில் கரியும் உப்பும் போடச் சொல்வார், வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்வார். வீட்டுக்காரர்கள் அதை மறந்துவிட்டு, சித்திரை மாதம் செட் கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். செட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் ஊற்றினால் பாடும்.

கிராமத்தில் கதை வேறு. மேலூர், உசிலம்பட்டி பக்கத்து ஊர்களுக்கு அப்போது கரண்ட் ஏது? ஆறு வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் செட்டுகள் இருந்தன. பேட்டரி இறங்கினால் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றிப் போக வேண்டும். அதனால் மத்தியானக் கச்சேரிக்கெல்லாம் அவர்கள் பேட்டரியைச் செலவழிக்க மாட்டார்கள். சாயங்காலச் செய்திக்கும் கிராம நிகழ்ச்சிக்கும் மிச்சம் பிடித்து வைப்பார்கள். மத்தியான ரேடியோ என்பது அன்றைக்குக் கரண்ட் இருந்த டவுன் வீடுகளின் சொத்து. வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் வேறு, போஸ்டாபீசில் கட்ட வேண்டும். காபி கிளப்பில் வைத்தால் அதற்குத் தனி லைசென்ஸ், கட்டணமும் கூட.

இன்னொன்று, மதுரையின் மத்தியானத்துக்கே ஒரு தனிக் குணம் உண்டு. உச்சிக்கால பூஜை முடிந்து பன்னிரண்டரை வாக்கில் மீனாட்சி கோயில் நடை சாத்திவிடுவார்கள். திரும்பத் திறக்க நாலு மணி. நாகஸ்வரம், தவில், மணி எல்லாம் அடங்கிவிடும். நாலு மாசி வீதியிலும் கடைக்காரர்கள் பாதிக் கதவை இழுத்துவிட்டுக் கண் அசரும் நேரம் அது. திருச்சி நிலையத்தின் மத்தியான ஒலிபரப்பு சரியாக அந்த இடைவெளியில் வந்து விழுந்தது. திட்டமிட்டு அல்ல. எல்லா நிலையத்திலும் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தவணை, நடுத்தவணை அந்த நேரத்துக்கு அமைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஊர் வாத்தியங்கள் ஓய்ந்த நேரத்தில் வேறு ஊர் வாத்தியம் வீட்டுக்குள் கேட்டது என்பது நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

தாத்தா சொல்லும் நேரத்தில் ஒரு மணி முன்னே பின்னே இருந்தால் அவரைத் திருத்த வேண்டாம். யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் 1லிருந்து 1945 அக்டோபர் 15 வரை, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ரேடியோ புது மணிக்குப் பாடும், வீட்டு அடுப்பு பழைய மணிக்கு எரியும்.

சரி, அந்த மத்தியானத்தில் என்னதான் வந்தது? மூன்று தவணைகளில் மத்தியானம்தான் சின்னது. பெரிய வித்வான்களுக்குச் சாயங்காலமும் ராத்திரியும் கொடுப்பார்கள். மத்தியானத்துக்கு வந்தது நிலைய வித்வான்களின் வீணை, புல்லாங்குழல், வயலின், கொஞ்சம் இளம் பாடகர்கள், நாடகப் பாட்டு, ஜலதரங்கம் மாதிரி அபூர்வ வாத்தியம், பெண்களுக்கான பேச்சு, நடுவில் டெல்லியிலிருந்து அஞ்சல் செய்யும் தமிழ்ச் செய்தி. நிலைய வித்வான் என்றால் மாதச் சம்பளத்துக்கு நிலையத்திலேயே இருப்பவர். ரயில் தாமதமாகி வர வேண்டிய பாடகர் வராமல் போனாலும், ஒரு நிகழ்ச்சி மூன்று நிமிஷம் முன்னாலேயே முடிந்துபோனாலும் இவர்தான் உட்கார்ந்து வாசிப்பார். அட்டவணையில் பேர் இருக்காது. ரேடியோவின் பொந்துகளை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். என் கணக்கில், அந்தக் காலத்து மத்தியானத்தின் உண்மையான நாயகர்கள் இந்த நிலைய வித்வான்கள்தான்.

இப்போது அந்தக் கணக்கு. மத்தியானத்தில் கணிசமான பங்கு இசைத்தட்டு. தட்டு எது, நேரடி எது என்று தாத்தாவிடமே கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசினாரா, பாட்டு தொடங்குமுன் ஊசி உரசும் 'உஸ்' என்ற சத்தம் கேட்டதா என்று கேளுங்கள். ஆம் என்றால் தட்டு. ஒரே ஆள் கால் மணி, அரை மணி விடாமல் பாடினார், நடுவில் தம்புராவை மறுபடி சேர்த்தார், லேசாகத் தொண்டையைக் கனைத்தார் என்று சொன்னால் நேரடி. காந்த நாடா நிலையங்களுக்குப் பரவலாக வந்தது 1950களில்தான். அதற்கு முன்னால் தட்டில் வெட்டிப் பதியும் எந்திரம் இருந்தது, ஆனால் அதைத் தலைவர்களின் பேச்சு மாதிரி முக்கியமானவற்றுக்குத்தான் எடுப்பார்கள். மத்தியான வீணைக் கச்சேரிக்கு யார் தட்டைச் செலவு செய்வார்கள்? ஆக, நேரடி ஒலிபரப்பு என்று நாம் இன்று பெருமையாகச் சொல்வது அன்றைக்கு வேறு வழி இல்லாததால் நடந்தது. காற்றில் போனது போனதுதான்.

வேறு வழி இல்லாத அந்த நெருக்கடி கச்சேரியையே எப்படி மாற்றியது என்பதை மிருதங்கக்காரர் சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். எழுபதுகளில் எங்கள் கடைக்கு வருவார். ஒரு முரட்டு வால்வு செட் வைத்திருந்தார், மாதம் ஒரு தடவை அதற்கு ஏதாவது வரும். செட் ரிப்பேராகும்வரை முக்காலியில் உட்கார்ந்து பேசுவார், கை மட்டும் தொடையில் ஏதோ ஒரு நடையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

மத்தியான நிகழ்ச்சி என்றால் விடியற்காலை ரயிலில் கிளம்புவாராம். திண்டுக்கல் வழியாகத் திருச்சி. மிருதங்கத்தை உறை போட்டு மடியில் வைத்துக்கொள்வார், மேல் பலகையில் வைக்க மாட்டார். நிலையத்தில் இறங்கி ஜட்காவில் போய்ச் சேர்ந்தால் முதல் பிரச்சினை அறை. "வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நாலு சுவரும் மெத்தை மாதிரி அட்டை அடிச்சு, ஜன்னல் இல்லாம, ஜில்லுனு இருக்கும். வெயில்ல இழுத்து நின்ன தோல் உள்ளே போனதும் இறங்கிடும். ரவையை அப்பிட்டு அரை மணி காத்திருக்கணும், இல்லேன்னா பாதிக் கச்சேரியில தொப்பி ஊமையாயிடும்" என்பார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம். ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதில் அப்பினால்தான் கும்கி என்ற கனத்த நாதம் வரும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் மைக். ஒரு அறைக்கு ஒரு மைக், அதுவும் நடுவில். இன்று மாதிரி ஆளுக்கு ஒன்று வைத்துப் பக்கத்து அறையில் ஏற்றி இறக்குவது கிடையாது. ஆளையே ஏற்றி இறக்க வேண்டும். பாடகர் கிட்டத்தில், தம்புரா அவருக்குப் பின்னால், வயலின் ஒரு முழம் தள்ளி, மிருதங்கம் அதற்கும் தள்ளி, தொப்பி மைக்கைப் பார்க்காதபடி கொஞ்சம் திருப்பி. எஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். சரியில்லை என்றால் ஒருவர் உள்ளே வந்து ஜமக்காளத்தோடு இழுத்து ஒரு சாண் பின்னால் வைப்பார். "என்னை ஜமக்காளத்தோட இழுத்த ஒரே சபை அதுதான்" என்று மிருதங்கக்காரர் சிரிப்பார். நாகஸ்வரம் என்றால் அறையின் அடுத்த மூலைக்கே அனுப்பிவிடுவார்களாம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாம் நின்றுவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வெற்றிலை மென்றுகொண்டு உட்காரக் கூடாது. ஜால்ரா சத்தம் போல் தோடாவோ மோதிரமோ உரசக் கூடாது. 'பலே' சொல்ல ஆள் இல்லை, தலையாட்ட ஆள் இல்லை. சபையில் ஒரு ஸ்வரக் கோர்வை வந்து தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழுந்தால் முன்வரிசை எழுந்து உட்காரும். ரேடியோவில் விழுந்தால் எதிர்ச்சுவர் கடிகாரம் ஒரு நிமிஷம் நகர்ந்திருக்கும், அவ்வளவே. ரசிகர் இல்லாத இடத்தில் எதை வைத்து நிறுத்துவது, எதை வைத்து வளர்ப்பது என்று தெரியாமல் பல பெரிய ஆட்கள் முதல் தடவை திணறியதாக அவர் சொல்வார். பேர் சொல்ல மாட்டார்.

அவருக்கு விழுந்த அடி, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில். சபையில் கால் மணி நேரம் விளாசலாம். ரேடியோவில் நாலு நிமிஷம். ஆதி தாளம், நிதானமான மத்தியம காலம் (நடுத்தர வேகம்) என்றால் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஏறக்குறைய ஆறு விநாடி. நாலு நிமிஷத்துக்கு நாற்பது ஆவர்த்தனம். "இருபத்தெட்டுல நடையை முடிச்சு ஃபரன் போட்டு, முப்பத்தஞ்சுல மோராவுக்கு வந்து, கோர்வையை மூணு தடவை வெச்சு நாற்பதுல பாடகர்கிட்ட பாட்டைக் குடுக்கணும். கடிகாரத்தைப் பார்த்தா தாளம் போகும், தாளத்தைப் பார்த்தா கடிகாரம் போகும்." ஃபரன், மோரா, கோர்வை எல்லாம் தனி ஆவர்த்தனத்தை முடிவுக்குக் கொண்டுவரும் கட்டங்கள். ரயிலில் போகும்போதே இந்த நாற்பதை விரல்விட்டு எண்ணிக்கொண்டு போவாராம். ஒரு தடவை எண்ணிக்கை பிசகி இரண்டு ஆவர்த்தனம் கூடிவிட்டது. பாடகர் பல்லவியை எடுப்பதற்கும் செய்திக்கு நேரம் ஆவதற்கும் சரியாக இருந்தது. குரலை மெல்ல இறக்கி மறைத்துவிட்டு டெல்லிக்குப் போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது, விளக்கு அணைந்தபோதுதான் தெரிந்தது. ஊரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டார், "என்ன, பாதியில எழுந்து வந்துட்டீங்களா?" என்று கேட்டார்களாம்.

இன்று ஆறு நிமிஷத்தில் ஒரு ராகத்தைக் கோட்டோவியம் மாதிரி காட்டிவிட்டுக் கிருதிக்குப் போகும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கடிகாரம்தான் ஞாபகம் வரும். ரேடியோ மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கிராமபோன் தட்டு அதற்கு முன்னாலேயே பாடகர்களைச் சுருக்கப் பழக்கியிருந்தது. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி தன் முதல் தட்டைக் கொடுத்தது பத்து வயதில், 1926ல். மைக் முன்னால் மூன்று நிமிஷத்தில் பாடி முடிப்பது என்பது அந்தத் தலைமுறைக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்டது. ரேடியோ அதைத் தினசரிப் பழக்கமாக்கியது.

இனி தாத்தா சொன்ன தமாஷ். இதில்தான் மதுரைக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. மதுரை நாடக ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையை ஏற்படுத்தியது இங்கேதான். ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக நடிகர்களை அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தின் நடிகர்களுக்கு இன்றும் தலைநகர் இதுதான். இந்த ஊரில் ஜனங்கள் பாட்டுக் கேட்டுப் பழகியது சபையில் அல்ல, விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில். அந்த மேடையின் முதுகெலும்பு ஹார்மோனியம். நாடகம் தொடங்குவதும் அதில்தான், நடிகருக்குச் சுருதி கொடுப்பதும் பின்பாட்டுப் பாடுவதும் ஹார்மோனியக்காரர்தான். பபூன் ஒரு வார்த்தை தவறவிட்டால் எடுத்துக்கொடுப்பதும் அவரே.

ஆல் இண்டியா ரேடியோ 1940 மார்ச் 1 முதல் ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களில் தடை செய்துவிட்டது. பன்னிரண்டு கட்டைக்குள் அடைபட்ட வாத்தியத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது, நம் சங்கீதத்தின் சுருதி நுட்பத்தை அது கெடுக்கிறது என்பது வாதம். தாகூரும் அதை ஆதரித்தார். 1971 வாக்கில்தான் ஓரளவு தளர்த்தினார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தோடி ராகத்தை ஹார்மோனியத்தில் கேட்டால் தெரியும். ஆனால் நாடகப் பாட்டில் ஹார்மோனியத்தை எடுத்துவிட்டு வயலினை வைத்தால் அது வேறு ஏதோ ஒன்று. மதுரையிலிருந்து திருச்சிக்கு ரயில் ஏறிய நாடகப் பாடகர்கள் தங்கள் பாதி உடம்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் போன மாதிரிதான். இந்தத் தடையை விதித்தவர்கள் ஒரே ஒரு ராத்திரி மதுரைப் பக்கம் ஒரு கோயில் பொட்டலில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நாடகத்தின் அளவும் சுருங்கியது. எட்டு மணி நேரக் கூத்து அரை மணி வானொலி நாடகமானது. பபூனின் வாய்க்கு வந்த பேச்சு எல்லாம் ரேடியோவில் நடக்காது. எழுதி, முன்கூட்டிப் பார்வைக்கு வைத்து, அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தாளைத் திருப்பும் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க ஒவ்வொரு பக்கமாக நழுவவிட வேண்டும். குதிரை ஓடத் தேங்காய்ச் சிரட்டை, இடி இடிக்கத் தகரம், மழைக்கு முறத்தில் பயறு. இதெல்லாம் நாடகக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், மேடையில் நிஜ வெடியே போட்டுப் பழகியவர்கள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிக்க ஆள் இல்லாததால் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதும் தெரியாது. வீட்டில் கேட்பவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். அதனால் ரேடியோ நகைச்சுவை மெதுவாக, குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளும் தொனிக்கு மாறியது. மாமியார் மருமகள், வாடகை வீட்டுக்காரர், கடன் கேட்க வரும் அண்டை வீட்டுக்காரர் என்று. தாத்தாவுக்குத் தமாஷாக ஞாபகம் இருப்பது பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

சங்கீதத்துக்குள்ளேயே லேசான சமாசாரமும் இருந்தது. மதுரை மணி ஐயரின் இங்கிலீஷ் நோட்டு கேட்டிருப்பீர்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது. அவர் மதுரையில் நடத்திய சங்கீதப் பள்ளியில் படித்தவர்தான் மணி ஐயர். முழு ஸ்வரத்தில், பேண்டு வாத்தியம் நடை போட்டு வருகிற மாதிரி. கனமான ராகத்தைக் கேட்டு முடித்த குழந்தைகள் அதற்காகத்தான் காத்திருக்கும். ஒரே கச்சேரிக்குள் கனமும் தமாஷும் சேர்ந்து வர முடியும் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1952ல் இரண்டு விஷயம் நடந்தது. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியானார், சினிமாப் பாட்டுக்கு நேரம் வெட்டப்பட்டது. கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்தார்கள், அதில் வித்வான்களுக்குக் கடும் கோபம். சினிமாப் பாட்டு கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? மதுரைக்குக் கொழும்பு 380 கிலோமீட்டர், சென்னையைவிடக் கிட்டம். முள்ளை இலங்கை வானொலிக்குத் தள்ளினார்கள், அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனன் குரலைக் கேட்டார்கள். அதற்குப் பதிலடியாக 1957 அக்டோபர் 3ல் ஆல் இண்டியா ரேடியோவின் பாட்டுச் சேவையான விவிதபாரதி வந்தது. நான் கடைக்கு வந்தபோது ரிப்பேருக்கு வரும் செட்டில் பத்துக்கு ஏழு சிலோனில்தான் முள் நிற்கும். தாத்தாவின் ஞாபகத்தில் சினிமாப் பாட்டும் கலந்து வந்தால், அது பெரும்பாலும் இந்த 1950களின் ஞாபகம், நாற்பதுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஹார்மோனியம் கேட்டதாகச் சொன்னாலும் அப்படித்தான், தட்டாகவோ இலங்கையாகவோ இருக்கும்.

கடைசியாகப் பரண் செட். தயவுசெய்து நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். முப்பது நாற்பது வருஷம் சும்மா கிடந்த செட்டில் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களும் ஃபில்டர் கண்டென்சரும் காய்ந்து போயிருக்கும். கரண்ட் கொடுத்த வேகத்தில் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்துவிடும். அந்தக் காலத்து ஏசி/டிசி செட்டாக இருந்தால் உள்ளே இரும்புத் தட்டிலேயே கரண்ட் நிற்கும், தொட்டால் தூக்கி எறியும். முதலில் பின்பக்க அட்டையைக் கழற்றி எலி கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள், தூசியை பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பிறகு தெரிந்த ஆளிடம் கொடுத்து ஒரு நாற்பது வாட் பல்பைத் தொடராகப் போட்டுக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய இழை பல்பு வேண்டும், எல்இடி ஆகாது. பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். முதலில் எரிந்து, மெல்ல மங்கினால் பிழைத்தது. வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும், அதுவரை தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். டயல் கண்ணாடியில் முன்பக்கம் பச்சைக் கண் இருக்கிற செட்டாக இருந்தால், நிலையம் பிடித்ததும் அந்தக் கண் குவிந்து மூடும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம்.